வசனத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

பிரசங்கத்தை எப்படிக் கேட்பது என்று சென்ற இதழில் எழுதியிருந்த கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஒரு சபையின் பிரசங்கத்தை இன்னொரு சபையின் பிரசங்கத்தோடு ஒப்பிட்டே எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்) இருபது நிமிடத்தில் பிரசங்கத்தை முடித்துவிடுவார். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் போகும் சபையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிறார்கள். மாதக்கணக்காக எபேசியர் நிருபத்திலேயே இருக்கிறார்களாம். அதுதான் உண்மையான வேதபோதனை என்று அவன் சாதிக்கிறான். என் மருமகளின் வீட்டார் கத்தோலிக்கர். அங்கே பத்து நிமிடம் பேசினாலே அதிகம். ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு ஏன் இத்தனை வேறுபாடு? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அம்மா, கடிகாரத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குவோம். அன்றைய பிரசங்கத்துக்கான வேதபகுதியைத் தேர்ந்தெடுத்தது யார்? நீங்கள் குறிப்பிடும் மூன்று ஆலயங்களிலும் இதற்கு மூன்று விடைகள் கிடைக்கும். நேரம், தொனி, பேச்சின் அமைப்பு என்று நம் கண்ணில் படுகிற மற்ற வேறுபாடுகளில் பெரும்பகுதி அந்த விடையிலிருந்து பிறப்பவையே.

உங்கள் மருமகளின் பங்கு ஆலயத்தில் அந்த உரிமை குருவானவருக்கு இல்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து 1969-இல் வெளியான வாசக ஒழுங்கின்படி ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதலாண்டில் மத்தேயு, இரண்டாமாண்டில் மாற்கு, மூன்றாமாண்டில் லூக்கா என்று நற்செய்திகள் அமைய, யோவான் நற்செய்தி தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும், சிறிய நூலான மாற்கு ஓடும் ஆண்டின் சில ஞாயிறுகளிலும் இடம்பெறுகிறது. பெரும்பாலான ஞாயிறுகளில் பழைய ஏற்பாடு, பதிலுரைப் பாடல், நிருபம், நற்செய்தி என்று நான்கு பகுதிகள் குருவானவருக்கு முன்பாக ஏற்கெனவே விரித்து வைக்கப்பட்டிருக்கும். மறையுரை, அதாவது திருப்பலியில் ஆற்றப்படும் பிரசங்கம், திருவழிபாட்டின் ஓர் உறுப்பு என்று அந்தச் சங்கத்தின் 1963-ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. அதாவது, அதற்குப் பிறகு விசுவாச அறிக்கையும் மன்றாட்டும் நற்கருணையும் வர வேண்டும்; வழிபாடு ஏறிச் சென்று சேரும் உச்சி பலிபீடத்தில் இருக்கிறது. பத்து நிமிட மறையுரையைச் சோம்பலாக எண்ணுபவர்கள் இந்த அமைப்பைக் கவனிப்பதில்லை.

உங்கள் மகனுடைய சபையில் தேர்வு செய்வது புத்தகமே. இந்த வழக்கத்துக்கும் ஒரு தேதி உண்டு. 1519 ஜனவரி 1 அன்று சூரிச் நகரின் பெரிய ஆலயத்தில் பொறுப்பேற்ற சீர்திருத்தவாதி உல்ரிச் ஸ்விங்லி, ஒவ்வொரு நாளுக்கும் துண்டு துண்டாகக் குறிக்கப்பட்டிருந்த வாசகங்களை விட்டுவிட்டு, மத்தேயு முதலாம் அதிகாரம் தொடங்கி வரிசையாகப் பிரசங்கித்தார். ஜெனீவாவில் இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் இதை எவ்வளவு பிடிவாதமாகக் கடைப்பிடித்தார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1538-ஆம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் நகர மன்றத்தோடு ஏற்பட்ட மோதலில் அவர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1541 செப்டம்பரில் மீண்டும் அழைக்கப்பட்டபோது, பிரசங்க பீடத்தில் ஏறி, தம்மைத் துரத்தியவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மூன்றாண்டுகளுக்கு முன் நிறுத்திய வசனத்துக்கு அடுத்த வசனத்திலிருந்து தொடர்ந்தார். இருபதாம் நூற்றாண்டில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சிற்றாலயத்தில் மருத்துவராயிருந்து போதகரான மார்ட்டின் லாயிட் ஜோன்ஸ், ரோமர் நிருபத்தை வெள்ளிக்கிழமை மாலைகளில் 1955 முதல் 1968 வரை விளக்கினார். உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றபோது பதினான்காம் அதிகாரத்தின் பதினேழாம் வசனம்வரைதான் வந்திருந்தார். உங்கள் மகனின் போதகர் எபேசியரில் மாதக்கணக்கில் இருப்பது இந்த வரிசையில் அவசரம் என்றே சொல்ல வேண்டும்.

உங்கள் சொந்தச் சபை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாகச் சேர்ந்தன. திருநெல்வேலி, ஆங்கிலிக்கன் மிஷனரிகள் பணி செய்த பகுதி. அங்கே திருச்சபை நாட்காட்டியும் அதற்குரிய பாடங்களும் நெடுங்காலமாக வேரூன்றியவை. நாகர்கோவிலில் லண்டன் மிஷனும் மதுரையில் அமெரிக்கன் மிஷனும் காங்கிரிகேஷனல் வழியில் வந்தவை. அந்த வழியில் பிரசங்க பீடமே ஆராதனையின் நடுநாயகம். இன்று எல்லாத் திருமண்டலங்களிலும் ஞாயிற்றுக்குரிய தலைப்பும் பாடங்களும் குறிக்கப்பட்டிருந்தாலும், பழைய மிஷன் எல்லையைத் தாண்டினால் பிரசங்கத்தின் நீளமும் எடையும் மாறுவதைக் கூர்ந்து கேட்பவர்கள் உணரலாம்.

நான்காவது ஒரு விடையும் இருக்கிறது: பிரசங்கியாரே தேர்ந்தெடுப்பது. இதைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். லண்டனில் 1854 முதல் 1892-இல் மறையும்வரை ஊழியம் செய்த சார்லஸ் ஸ்பர்ஜன் வாரந்தோறும் ஒரு வசனத்தைத் தேடி எடுத்தே பிரசங்கித்தார். எந்த வசனம் என்று முடிவு செய்வதற்கே மணிக்கணக்கில் ஜெபித்துக் காத்திருப்பதாகத் தம் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் எபிரெயர் நிருபத்தின் மீது கேட்ட ஒரு நெடுந்தொடரை நினைவுகூர்ந்து, அந்த எபிரெயர்கள் அந்த நிருபத்தைத் தங்களோடேயே வைத்துக்கொண்டிருந்தால் ஏழைப் புறஜாதிப் பையன் ஒருவன் பிழைத்திருப்பானே என்ற பொருளில் அவர் எழுதியதை, தொடர் பிரசங்கம் செய்வோர் அவ்வப்போது படித்துக்கொள்ளலாம்.

இவற்றில் எது உண்மையான வேதபோதனை என்ற விவாதத்தில் நான் உங்கள் மகனோடு முழுமையாகச் சேர மாட்டேன். நாட்காட்டியின்படி போகும் சபையில் பிரசங்கியார் தமக்குப் பிடிக்காத பகுதியையும் சந்தித்தே ஆக வேண்டும். ஆனால் பாடங்களைத் தொகுத்தவர்கள் விட்டுவிட்ட பகுதிகள் சபையின் காதில் விழுவதேயில்லை. புத்தக வரிசையில் போகும் சபையில் எதையும் தாண்டிச் செல்ல முடியாது. ஆனால் சபையில் ஒரு துக்கம் நிகழ்ந்த வாரத்திலும் வரிசை வரிசையாகவே நிற்கும். தானே தேர்ந்தெடுக்கும் பிரசங்கியார் அந்த வாரத்தின் தேவைக்கு உடனே பதில் சொல்ல முடியும். ஆனால் ஸ்பர்ஜனைப் போன்ற வாசிப்பு இல்லாதவர் சில ஆண்டுகளிலேயே தமக்குப் பழகிய முப்பது நாற்பது வசனங்களுக்குள் சுற்றத் தொடங்குவார், அவற்றில் மல்கியா மூன்றாம் அதிகாரத்தின் தசமபாக வசனம் தவறாமல் இருக்கும். அதே சமயம், இருபது நிமிடம் பேசும் உங்கள் ஐயர், வாசிக்கப்பட்ட பாடத்தைத் திறந்து காட்டுகிறாரா, அல்லது தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பொதுவான நல்லுரை சொல்லி இறங்கிவிடுகிறாரா என்று பாருங்கள். உங்கள் மகனின் குறை ஒருவேளை அங்கே நியாயமாக இருக்கலாம்.

கேள்வி: நான் வேலைக்குச் சென்றுகொண்டே கிராமச் சபைகளில் பிரசங்கம் செய்யும் சாமானியன். இந்த முறைகளையெல்லாம் தனித்தனியாக விளக்குவதைவிட, ஒரே வேதபகுதியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதை எப்படிக் கையாளும் என்று காட்டினால் எனக்குப் பயன்படும். (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் 46 முதல் 52 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்வோம். எரிகோவின் வழியோரத்தில் உட்கார்ந்து பிச்சையெடுத்த பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்டுப் பார்வை பெற்ற நிகழ்ச்சி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

கத்தோலிக்க நாட்காட்டியில் இது மாற்கு ஆண்டின் பொதுக்காலம் முப்பதாம் ஞாயிற்றுக்குரிய நற்செய்தி. அதனுடன் எரேமியா 31-இல், சிதறுண்ட மக்கள் குருடரும் சப்பாணிகளும் உட்பட அழுகையோடு திரும்பி வருவார்கள் என்ற பகுதியும், கண்ணீரோடு விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடு அறுப்பார்கள் என்ற 126-ஆம் சங்கீதமும் வாசிக்கப்படுகின்றன. ஆகவே நல்ல மறையுரையாளர் பர்திமேயுவைத் தனி மனிதனாக நிறுத்த மாட்டார். சிறையிருப்பிலிருந்து திரும்பும் கூட்டத்தில் குருடனும் உண்டு என்று தீர்க்கதரிசி சொன்னதற்கும், வழியோரத்தில் விடப்பட்டிருந்த ஒருவன் எழுந்து அந்தப் பயணத்தில் சேர்ந்துகொண்டதற்கும் உள்ள தொடர்பைச் சில நிமிடங்களில் காட்டி, மக்களைப் பீடத்தை நோக்கி அழைத்துச் செல்வார். வாசகங்களை இணைக்கும் இழை கிடைத்துவிட்டால் மறையுரை முக்கால்வாசி முடிந்தது. கிடைக்காதவர் மூன்று வாசகங்களையும் மறுபடி தம் சொந்த நடையில் கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்.

புத்தக வரிசையில் வருகிறவருக்கு எரேமியாவைவிட மாற்குவின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்கள் முக்கியம். பெத்சாயிதாவில் ஒரு குருடன் இரண்டு கட்டமாகப் பார்வை பெற்றதை எட்டாம் அதிகாரத்தில் அவர் முன்னமே பேசியிருப்பார். அதற்கும் பர்திமேயுவுக்கும் இடையில் இயேசு தம் பாடுகளை மூன்று முறை முன்னறிவிக்கிறார். மூன்று முறையும் சீஷர்களுக்கு விளங்கவில்லை. சரியாக இந்த நிகழ்ச்சிக்கு முன்னால் யாக்கோபும் யோவானும் வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் இயேசு கேட்பது, நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறீர்கள் என்பது. பர்திமேயுவிடமும் அதே கேள்விதான். கண் தெரிந்த இருவர் வலது பக்கமும் இடது பக்கமும் ஆசனம் கேட்டார்கள். கண் தெரியாதவன் பார்வை கேட்டான். பார்வை பெற்றவன் வழியிலே பின்சென்றான் என்று முடிகிறது; அந்த வழி அடுத்த அதிகாரத்தில் எருசலேமுக்குள் நுழைகிறது. நிகழ்ச்சியை மட்டும் தனியே எடுத்துப் பேசுபவருக்கு இந்தப் பொருத்தம் கையில் கிடைப்பது அரிது. வரிசைப் பிரசங்கத்தின் பலம் முழுவதும் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம். பலவீனமும் பக்கத்திலேயே இருக்கிறது: பெத்சாயிதாவைப் பேசிய ஞாயிறு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தால், சபையில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கும்?

தலைப்பை முதலில் வைத்துக்கொள்பவர், தடைகளை மேற்கொள்ளும் விசுவாசம் என்று தொடங்குவார். ஜனங்கள் அதட்டியது முதல் தடை, ஏழ்மை இரண்டாவது, இருள் மூன்றாவது என்று பிரித்துக்கொண்டு, கேட்பவர் வீட்டில் நிற்கும் தடைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பேசுவார். தவறில்லை, அதட்ட அதட்ட அதிகமாய்க் கூப்பிட்டான் என்பது வசனத்தில் இருப்பதுதானே. ஆனால் இயேசு எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது இந்தப் பிரசங்கத்தில் தேவைப்படுவதே இல்லை, அதனால் அது காணாமல் போகும்.

பெந்தெகொஸ்தே மேடையில் இந்தப் பகுதியின் மையம் ஐம்பதாம் வசனத்துக்கு நகர்ந்துவிடும். மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வந்தான் என்ற வாக்கியத்தைப் பிரசங்கியார் நான்கைந்து முறை திருப்பிச் சொல்வார். ஒவ்வொரு முறையும் குரல் ஒரு படி ஏறும். எதை எறிய வேண்டும் என்று சபையைக் கேட்பார், சபை பதில் சொல்லும். முடிவுரை என்று தனியாக ஒன்று இருக்காது. பிரசங்கம் அப்படியே ஜெபமாக மாறும். நோயாளிகள் முன்னால் வருவார்கள். அங்கே பிரசங்கம் நிகழ்ச்சியை விளக்குவதோடு நிற்பதில்லை, அந்த நிகழ்ச்சி இன்று இந்த இடத்தில் மறுபடி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இந்த எதிர்பார்ப்பைப் புரிந்துகொள்ளாமல் அந்த மேடையை மதிப்பிடுவது வீண்.

நீங்கள் கிராமச் சபைகளில் பேசுவதாக எழுதியிருப்பதால் ஒரு யோசனை. பர்திமேயுவை அதட்டிய கூட்டத்தில் ஒருவனாக உங்களை வைத்துக்கொண்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். அந்தக் கூட்டம் சத்துருக்களின் கூட்டம் அன்று. இயேசுவோடு நடந்து வந்தவர்களே அவனை வாயை மூடச் சொன்னார்கள்.

கேள்வி: மறையுரை எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னதாகப் படித்தேன். எங்கள் பங்குத்தந்தை அரை மணி நேரம் பேசுகிறார். இது விதிமீறலா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: 2024 ஜூன் மாதத்துப் பொதுச் சந்திப்பு ஒன்றில் அவர் அப்படிச் சொன்னது உண்மைதான், அதற்கு மேல் போனால் கவனம் சிதறி மக்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று காரணமும் சொன்னார். அது அறிவுரை, சட்டம் அன்று. திருச்சபைச் சட்டம் சொல்வது வேறு: ஞாயிறும் கடன் திருநாளும் மக்கள் கூடும் திருப்பலியில் தக்க காரணமின்றி மறையுரையை விட்டுவிடக் கூடாது, அதை ஆற்றுபவர் குருவோ திருத்தொண்டரோ ஆக இருக்க வேண்டும். நிமிடக் கணக்கு அதில் இல்லை. 2013-இல் அவர் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் மறையுரைக்கென்றே நீண்ட பகுதி இருக்கிறது. கேட்பதில் மக்களும், ஆற்றுவதில் அருள்பணியாளரும், இரு தரப்பாருமே துன்பப்படுகிறார்கள் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். உங்கள் பங்குத்தந்தைக்கு அந்தப் பகுதியைப் பரிசளிக்கலாமா என்று நீங்கள் யோசிக்கக்கூடும். யோசனையோடு நிறுத்திக்கொள்வது உறவுக்கு நல்லது. துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரிமட்டும் பேசியதையும், மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி விழுந்ததையும் அப்போஸ்தலர் நடபடிகள் மறைக்காமல் பதிவு செய்திருப்பது, நீளமாகப் பேசுவோர், தூங்குவோர் ஆகிய இரு சாராருக்கும் சற்று ஆறுதல்.

கேள்வி: பெந்தெகொஸ்தே சபைகளில் பிரசங்கியார் உரத்த குரலில் பேசுவதும், மக்கள் இடையிடையே ஆமென், அல்லேலூயா என்று முழங்குவதும் உணர்ச்சியைத் தூண்டும் உத்தி என்று சிலர் சொல்கிறார்கள். அமைதியாகப் பேசுவதில் ஆவியானவரின் வல்லமை இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். மக்கள் பதில் சொல்லும் பிரசங்கம் எங்கிருந்து வளர்ந்தது என்று முதலில் பார்க்கலாம். உலகளாவிய பெந்தெகொஸ்தே இயக்கத்தின் ஊற்றுகளில் ஒன்றான 1906-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெரு எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பின ஊழியர். கறுப்பின அமெரிக்கச் சபைகளில் பிரசங்கம் ஒருவர் பேச மற்றவர் மௌனமாகக் கேட்பதாக என்றுமே இருந்ததில்லை. பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்வார். சபை அதை வாங்கிக்கொண்டு பதில் கொடுக்கும். அந்தப் பதிலின் சூட்டைப் பார்த்து அவர் அடுத்த வாக்கியத்தை அமைப்பார். இறுதிப் பகுதியில் பேச்சே ராகமாகிவிடும். எழுதப் படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்கள் வேதத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டது இப்படித்தான். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எழுதிவைத்த உரையைப் பேசிக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்ததையும், அவர் தாளை விட்டுவிட்டு அந்தப் புகழ்பெற்ற பகுதிக்குள் போனதையும் உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது அரசியல் மேடை. ஆனால் அங்கே நடந்தது ஞாயிறு காலைப் பழக்கம்.

நம் தென்மாவட்டத்துக்காரருக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கக் கூடாது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆமா போட்டு அடுத்த வரிக்கு இடம் கொடுப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆமென் சொல்லும் சபையும் பிரசங்கத்தின் வேகத்தை அப்படித்தான் நடத்துகிறது.

ஆனால் பதிலை மட்டுமே நாடிப் பேசத் தொடங்கும்போது சிக்கல் வருகிறது. ஆமென் நிச்சயமாகக் கிடைக்கும் வாக்கியங்கள் எவை என்று அனுபவமுள்ள எந்தப் பிரசங்கியாருக்கும் தெரியும். வாக்குத்தத்தம், விடுதலை, சத்துருவின் தோல்வி ஆகியவை அந்த வகை. மன்னிப்பு, கடனைத் திருப்பிக் கொடுத்தல், சாதி பாராமல் பெண் கொடுத்தல் என்று பேசினால் சபை அமைதியாகிவிடும். எந்த இடத்தில் அமைதி வருகிறது என்று கவனித்தும் அந்த இடத்துக்குத் துணிந்து போகிறவரின் உரத்த குரலில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இந்தச் சோதனை பெந்தெகொஸ்தேயினருக்கு மட்டும் உரியதன்று. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவிலும் பிறகு கான்ஸ்டாண்டினோப்பிளிலும் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தம் காலத்தில் ஆலயத்துக்குள் கைதட்டுவார்கள். அதை அவர் கண்டித்தார். கண்டித்த பிரசங்கத்துக்கும் கைதட்டல் கிடைத்ததாகச் சொல்வார்கள்.

அமைதியில் வல்லமை இல்லை என்போருக்கு 1741 ஜூலை 8-ஐ நினைவூட்டலாம். அமெரிக்காவின் என்ஃபீல்டு ஊரில் போதகர் ஜொனாத்தன் எட்வர்ட்ஸ் தேவகோபத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். குரலை உயர்த்துவதோ கைகளை வீசுவதோ அவருக்குப் பழக்கமில்லை. கேட்டவர்களின் அழுகுரல் அதிகமாகி அவர் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது என்று அங்கே இருந்த ஒரு போதகர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி: மூன்று தலைப்புகள், அவையும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது எங்கள் பகுதிப் பிரசங்கிகளிடம் எழுதாத சட்டமாக இருக்கிறது. குடும்ப வாழ்வு, பிள்ளை வளர்ப்பு, கவலை என்று தலைப்பு வைத்துப் பேசுவதும் பெருகிவிட்டது. இவை வேதத்துக்கு உண்மையாக இருக்கும் முறைகளா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: மூன்று தலைப்புகளில் பாவமில்லை. கோட்பாடு, அதற்கான காரணங்கள், அன்றாட வாழ்வில் அதன் பயன் என்று பிரசங்கத்தைப் பிரிப்பதை இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த முயன்ற பியூரிட்டன்கள் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். ஆங்கில மிஷனரிகளின் வழியாக அந்தப் பழக்கத்தின் சாயல் நம்மிடமும் வந்து சேர்ந்தது. மோனையை அதோடு சேர்த்தது தமிழ்க் காதுதான். அழைப்பு, அர்ப்பணிப்பு, அனுப்புதல் என்று சொன்னால் கிழவிக்கும் மறக்காது. நடைமுறையில், முதல் இரண்டு தலைப்புகள் வேதபகுதியிலிருந்து வருவதும், மூன்றாவது அகராதியிலிருந்து வருவதும் கேட்பவருக்கே தெரிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட மூன்றாம் தலைப்பை வெட்டிவிட்டு இரண்டோடு இறங்குகிற துணிச்சல் பழக்கத்தால் வரும்.

வாழ்க்கைச் சிக்கலிலிருந்து தொடங்கும் பிரசங்கத்துக்கு மிக வலுவாக வாதாடியவர் நியூயார்க்கின் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக். பழைய ஏற்பாட்டில் வரும் எபூசியர் என்ற இனத்தாருக்கு என்ன ஆயிற்று என்று அறியும் தவிப்போடு யாரும் ஆலயத்துக்கு வருவதில்லை என்று 1928-இல் எழுதிய கட்டுரையில் அவர் கிண்டல் செய்தார். நியாயமான கிண்டல். விளக்கம் என்ற பெயரில் எபிரெய மூலச்சொற்களையும் பழைய ஊர்ப் பெயர்களையும் அடுக்கிவிட்டு, கேட்பவரின் வீட்டுக்குள் ஒரு அடியும் வைக்காமல் முடியும் பிரசங்கங்களை நாமும் கேட்டிருக்கிறோம். ஆனால் கேள்வியைத் தீர்மானிப்பது எப்போதும் நாமாகவே இருந்தால், நாம் கேட்க நினைக்காத கேள்வியை வேதம் நம்மிடம் கேட்க வாய்ப்பே இல்லாமல் போகும். போரும் இடப்பெயர்வும் கண்ட உங்கள் ஊரில், கவலையைப் பற்றிய பிரசங்கத்துக்குத் தேவை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிரசங்கம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் ஒற்றை வசனத்தோடு நிற்காமல், புலம்பல் புத்தகத்தை முழுதாகத் திறக்குமானால், தலைப்புப் பிரசங்கமும் வேதப் பிரசங்கமும் அங்கே ஒன்றாகிவிடும்.

கேள்வி: கதையாகவே சொல்லிப் பிரசங்கிக்கும் முறை அமெரிக்காவிலிருந்து வந்த புதுமையா? எங்கள் புதிய ஐயர் அப்படிச் செய்கிறார், பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தஞ்சாவூரிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு வியப்பாக இருக்கிறது. முடிவை முதலில் அறிவித்துவிட்டு நிரூபிக்காமல், கேட்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு முடிவை நோக்கி நகரும் பிரசங்க முறைக்கு அமெரிக்காவில் ஃபிரெட் கிராடக் 1971-இல் எழுதிய நூல் வழிகாட்டியது என்பது சரியே. இறையியல் கல்லூரிகளில் உங்கள் ஐயர் அதைப் படித்திருக்கக்கூடும். ஆனால் சரபோஜி மன்னரின் அவையில் மதிக்கப்பட்ட, ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியதும், வேதக் கதைகளைப் பாட்டும் உரையுமாகக் காலட்சேப முறையில் சபைகளுக்குக் கொண்டு சென்றதும் உங்கள் ஊரில்தான். முணுமுணுக்கும் பெரியவர்களுடைய பாட்டனார்கள் இரவு முழுவதும் உட்கார்ந்து அதைக் கேட்டிருப்பார்கள். ஐயருக்கு ஒன்று மட்டும் சொல்லலாம்: காலட்சேபக்காரர் கதையை நிறுத்தி உட்பொருளைச் சொல்லும் இடத்தை அறிந்திருந்தார். கதையைச் சொல்லி முடித்து, பொருளைக் கேட்பவரே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது, வேதத்தில் பழகிய சபையில் எடுபடும். புதிதாக வந்தவர்கள் நிறைந்த சபையில் அவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள்.

கேள்வி: எழுதி வைத்து வாசிக்கும் பிரசங்கத்தில் உயிர் இருக்குமா? குறிப்பே இல்லாமல் பேசுவதுதான் நல்லது என்கிறார்களே? (இறையியல் மாணவர், மதுரை)

பதில்: எட்வர்ட்ஸ் பல ஆண்டுகள் முழுவதுமாக எழுதி வைத்துப் பேசியவர். ஸ்பர்ஜன் சனிக்கிழமை மாலையில் ஞாயிறு காலைக்கான சில வரிக் குறிப்பை எழுதிக்கொண்டு ஏறுவார். சுருக்கெழுத்தில் பிடித்த பேச்சைத் திங்கட்கிழமை திருத்தி அச்சுக்குக் கொடுப்பார். கால்வின் எழுதிய பிரசங்கமின்றி மூலமொழி வேதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசினார். 1549 முதல் அதற்கென்றே அமர்த்தப்பட்ட சுருக்கெழுத்தாளர் எழுதி வைத்ததால்தான் அந்தப் பேச்சுகள் நமக்குக் கிடைத்தன. மூவருடையதும் இன்றும் வாசிக்கப்படுகின்றன.

உங்களுக்கு நான் சொல்வது, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முழுவதையும் எழுதுங்கள். பீடத்துக்கு அதை எடுத்துச் செல்லாதீர்கள். எழுதும்போது தேவையற்றது கழியும், எழுதாமல் பேசுபவருக்குத் தாம் சொன்னதையே மூன்று முறை சொன்னது தெரியாது. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுத்துத் தமிழை அப்படியே வாசித்தால் கேட்பவருக்கு அது அரசாணை போல ஒலிக்கும். எழுதியதை வீட்டில் உரக்கப் படித்து, வாயில் வராத வாக்கியங்களைப் பேச்சுக்கு மாற்றி, வேதவசனங்களை மட்டும் அச்சில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு பேச வேண்டிய கன்வென்ஷன் மேடை கிடைத்தால், அந்த எழுத்துப் பிரதியை முந்தின நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள்; பெரும்பாலான பிரசங்கிகள் அந்த மரியாதையை அவருக்குச் செய்வதில்லை.